எகத்தாளம் – 9. பச்சைச் சேலைக்காரி

"தலைக்கு ஊத்துனயா இல்லியாடி?"

சமையலறையிலிருந்து சாந்தாமணி போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. லோகப்பிரியா கண்ணாடி முன் நின்று தன் ஊதா நிற முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். எவ்வளவு ஷாம்பு போட்டாலும் போகாத சாயம். போகக் கூடாதென்றுதான் அதைத் தேடி வாங்கியிருந்தாள்.

"ஊத்தியாச்சும்மா. போகல."

"அப்ப மாப்ள ஊட்டு ஒரம்பரை வந்துட்டுப் போற வரைக்கும் ரூமை உட்டு எறங்காத. எறங்கினீன்னா கால ஒடச்சுப்போடுவேன்."

"ஒடைங்க. சக்கர நாற்காலில ஒக்காந்து பாடறேன். இன்னும் நெறையப் பேரு பாப்பாங்க."

பதினேழு வயது வாய். அந்த வாய்தான் இப்போது கோயமுத்தூரையே ஒரு கலக்கு கலக்கிக்கொண்டிருந்தது.

அவள் கிடார், அவளோடு பிளஸ் டூ படித்த மெர்சி டிரம்ஸ். தொண்டாமுத்தூர்ச் சர்ச்சின் பின்னாலிருந்த கூடத்தில் இரண்டு பேரும் விளையாட்டாகத் தொடங்கிய 'எகத்தாளம்', யாரையாவது வம்புக்கு இழுத்துக் காட்டுக்கத்தலாகப் பாடுவதையே தொழிலாக வைத்திருந்தது. டியூஷன் வாத்தியார், பஸ் கண்டக்டர், காதலைச் சொன்ன பையன் என்று ஒருவரையும் விட்டதில்லை. ஆனால் 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' வந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. கல்லூரி பஸ்ஸில் அந்தப் பாட்டு, கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டு, செல்போன் கடை வாசலில் அந்தப் பாட்டு. இன்று சாயங்காலம் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி விழாவின் கடைசி நிகழ்ச்சி இவர்களுடையது. பெங்களூரிலிருந்து ரவிதேஜா என்ற ஏஜென்ட் நேரில் பார்க்க வருகிறான்.

அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று வீட்டில் இன்னும் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் இப்போது பக்கத்து அறையில் பச்சைப் பட்டுச் சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ரித்திகாவுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை. தையல் கோணியது, சாயம் தப்பியது என்று துணிகளைத் தள்ளுபடி செய்கிற பிரிவு. போன வருடம் ஒரு மாப்பிள்ளை வீடு 'வேண்டாம்' என்று சொல்லியனுப்பிய அன்றைக்கு, தங்கச்சியின் மடியில் படுத்து, "நான் ஒரு எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுடி" என்று அழுதாள். அழுதது அவள். பாட்டாக்கியது தங்கச்சி.

அலுவலக வேனில் பக்கத்து சீட்டுப் பெண் அதை முணுமுணுத்தபோதுதான் ரித்திகா முதன்முதலாகக் கேட்டாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள லோகப்பிரியாவுக்குச் சிரமமே இருக்கவில்லை.

"அதே சேலையா?" லோகப்பிரியா கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அம்மாதான் எடுத்து வெச்சாங்க. ராசியாம்."

"ராசியா? இத்தன வருஷத்துல ஒருத்தனக்கூட மடக்கலியே அது!"

ரித்திகா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "சாயங்காலம் அந்தப் பாட்டப் பாடுவியா?"

"அதுதானக்கா முக்கியமான பாட்டே."

"வேற பாட்டு இல்லியா?"

"இருக்குது. கேக்கறதுக்குத்தான் ஆளில்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், லோகா."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே." லோகப்பிரியா தோளைக் குலுக்கினாள். "அப்புறம் எப்படி எழுதறது?"

கீழே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

தாராபுரத்திலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை கவின், அவன் அம்மா, கல்லூரியில் படிக்கிற தங்கை யுவஸ்ரீ. ரித்திகாவின் அப்பா வெள்ளியங்கிரி வாசலுக்கே போய்க் கும்பிட்டு அழைத்துவந்தார். தென்னந்தோப்புக்காரர், பேச்சு குறைவு, பெண் விஷயத்தில் இப்போது இன்னும் குறைந்துவிட்டது.

"வாங்க, வாங்க. வழி தெரிஞ்சுதுங்களா?"

"நல்லாத் தெரிஞ்சுதுங்க. பேரூர் வந்ததும் யாரக் கேட்டாலும் சொல்லிப்போடறாங்க."

எல்லாம் நன்றாகத்தான் போனது. ரித்திகா காபித் தட்டோடு வந்தாள். கவின் நிமிர்ந்து பார்த்தான்; பார்த்த பிறகும் பார்வையை விலக்கவில்லை. "நீங்க எந்த செக்சன்ல இருக்கீங்க?" என்று கேட்டான். அவள் பதில் சொன்னாள். அவன் இன்னொன்று கேட்டான். சாந்தாமணி அடுப்படி வாசலில் நின்று புருஷனைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் யுவஸ்ரீ கை கழுவ எழுந்தாள். மாடிப்படியின் நடுவில் கைப்பிடியில் கன்னத்தை வைத்து உட்கார்ந்திருந்த ஊதா முடியைப் பார்த்து வீறிட்டாள்.

"ஐயோ! நீங்க எகத்தாளம் லோகாதானுங்களே?"

லோகப்பிரியாவால் இறங்காமல் இருக்க முடியவில்லை. ஒளித்துவைத்திருப்பதே அவளுக்குப் பொறுக்கவில்லை. அடையாளம் கண்டுகொண்ட பிறகு ஒளிவதா?

"அம்மா, இவங்கதான் அந்தப் பாட்டுப் பாடறவங்க! நான் காருல போட்டேன்ல, நீங்க நிறுத்தச் சொன்னீங்களே, அது!"

"அப்படிங்களா? அப்பச் சரியாக் கேக்கல. போடு, கேப்போம்," என்றாள் கவினின் அம்மா. உபசாரத்துக்குத்தான் சொன்னாள்.

யுவஸ்ரீ செல்போனை டீப்பாயின் மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

*அதே பச்சச் சீல, அதே மைசூர்பா,*
*ஆளு மட்டும் மாறுது, அக்கா அப்பவுஞ் சிரிப்பா!*
*தையலு சரியில்ல, சைஸு சரியில்ல,*
*எக்ஸ்போர்ட்டு ரிஜெக்ட்டு, எடுக்க ஆளில்ல!*

கவினின் அம்மா தட்டிலிருந்த மைசூர்பாவைப் பார்த்தாள். பிறகு சேலையைப் பார்த்தாள். சாந்தாமணி அதுவரை அந்தப் பாட்டை முழுதாகக் கேட்டதில்லை. நாய் ஊளையிடுகிற மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுவாள். இப்போது அவள் கை முந்தானையைப் பிடித்தபடி அப்படியே நின்றது.

*கண்ணாடி முன்னால காபித்தட்டு தூக்கி*
*நடந்து நடந்து பாக்கறா, நடுங்குதடி காலு!*

அதைத் தங்கச்சி மட்டும்தான் பார்த்திருந்தாள். கதவிடுக்கு வழியாக.

கவின் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினான். உதட்டை மடித்துக் கடித்து, தரையைப் பார்த்தான். அது ரித்திகாவின் கண்ணில் பட்டது.

பாட்டு முடிந்தது.

"நல்லாத்தான் பாடறே கண்ணு," என்றாள் கவினின் அம்மா. "இது யாரப் பத்தின பாட்டு?"

எல்லாரும் லோகப்பிரியாவைப் பார்த்தார்கள். அவள் எதையாவது சொல்லியிருக்கலாம். ஒரு சிநேகிதி என்று சொல்லியிருக்கலாம், சும்மா கற்பனை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேட்டி எடுக்க வந்தவர்களெல்லாம் கேட்ட கேள்வி அது. அதற்கு அவளிடம் பழகிப்போன ஒரு பதில் இருந்தது, கோணல் சிரிப்போடு சேர்த்து.

"யாருக்குக் குத்துதோ அவங்களப் பத்தித்தானுங்க!"

யுவஸ்ரீ கை தட்டினாள்.

ரித்திகா தட்டை மேசையில் வைத்தாள். "என்னையப் பத்தித்தானுங்க," என்றாள். அவள் குரல் கொஞ்சமும் உடையவில்லை. "காபி ஆறிப்போகுது. எடுத்துக்குங்க."

அதற்குப் பிறகு அவர்கள் கால் மணி நேரம் இருந்தார்கள். தேங்காய் விலை பேசினார்கள், தோப்புக்குள் யானை வருவதைப் பற்றி விசாரித்தார்கள். ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கவினின் அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' போட்டாள். "பலகாரமெல்லாம் நல்லா இருக்குதுங்க. போயிட்டுச் சொல்லி உடறமுங்க." அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யாரும் சம்மதம் சொல்லியனுப்பியதில்லை என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

வாசல் கேட்டருகே யுவஸ்ரீ லோகப்பிரியாவின் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

கார் திரும்பியதும் சாந்தாமணி உள்ளே வந்து அறைந்தாள். அடி விழுந்தது ரித்திகாவின் கன்னத்தில்.

"ஊரே பாடி முடிஞ்சிருக்குது. எங்கிட்டச் சொல்லோணும்னு உனக்குத் தோணுலியா? தெரிஞ்சிருந்தா இந்தச் சீலையக் கட்டச் சொல்லியிருப்பனா? இதே பலகாரத்த வெச்சிருப்பனா?"

"நான் பாடலம்மா."

"அவ சின்னப் புள்ள. வெளையாட்டா எதையோ பாடிப்போட்டா. நீ பெரியவதான? அத்தன பேரு முன்னால 'என்னையப் பத்தித்தான்'னு சொல்றயே, உனக்குக் கூறு இருக்குதா?"

ரித்திகா கன்னத்தைத் தொடக்கூட இல்லை. மாடிப்படியில் நின்றிருந்த லோகப்பிரியா முதலில் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தாள். அடி தனக்கில்லை என்றதும் கிடார்ப் பையைத் தேடப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு வெள்ளியங்கிரி சொன்னார், "ரித்தி, நீயே காருல கூட்டிட்டுப் போயிட்டு வா கண்ணு. அத்தன கூட்டத்துல சின்னவ தனியாப் போகோணுமா?"

"சரிங்கப்பா," என்றாள் அவள்.

சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சேலையைக்கூட மாற்றவில்லை.

வடவள்ளி தாண்டும் வரை ரித்திகா சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினாள். காந்திபுரம் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது லோகப்பிரியாவுக்குச் சலித்துவிட்டது.

"கோவமா?"

"இல்ல."

"அந்த ஆளு வேண்டாங்க்கா. கண்ணு பூனக்கண்ணாட்ட இருந்துது. நீ தப்பிச்சே. பாக்கப் போனா நீ எனக்கு நன்றி சொல்லோணும்."

"ஆமா," என்றாள் ரித்திகா. "சொல்லோணும்."

கல்லூரி மைதானத்தில் மேடை தயாராக இருந்தது. மேடைக்குப் பின்னால் துணி கட்டி மறைத்த இடத்தில் மெர்சி குந்தி உட்கார்ந்து டிரம்ஸின் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டையாக வெட்டிய முடி, கிழிந்த ஜீன்ஸ், கழுத்தில் சின்னச் சிலுவை. அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேடையில் எச்சில் தெறிக்கக் கத்துகிற பெண், கீழே இறங்கினால் குரலே எழாது.

ரவிதேஜா வந்து லோகப்பிரியாவை மைக் சோதனைக்குக் கூட்டிப்போனான். ரித்திகா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மெர்சி தலை நிமிராமல் சொன்னாள், "அக்கா... சாரிங்க்கா."

"எதுக்கு?"

"உங்களப் பத்தின பாட்டுன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். நீங்க கேட்டுட்டுச் சிரிச்சீங்கன்னு லோகா சொன்னா. நான் நம்பிட்டேன். இன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தப்பதான்... மன்னிச்சுக்குங்க."

இத்தனை நாளில் ரித்திகாவிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள். அந்த இடத்தில் அவள் எழுந்து வெளியே போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆனால் காலையிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்தது ஒரு கல்லை. தங்கச்சியின் மேல் எறிவதற்கு. கல்லுக்கு வலிக்குமா என்று எறிகிறவள் யோசிப்பதில்லை.

"மெர்சி, எங்க ஊட்டுல உனக்குன்னு ஒரு கப்பு இருக்குதல்ல? பென்குயின் படம் போட்டது?"

"ஆமாங்க்கா. லோகா எம் பொறந்தநாளுக்கு வாங்குனா. எப்ப வந்தாலும் அதுலதான் டீ குடுப்பா."

"நீ போன பொறகு அது எங்க இருக்கும்னு தெரியுமா?"

மெர்சி நிமிர்ந்தாள்.

"பின்வாசல் சன்னல்ல. தோட்டத்து ஆளுங்க டம்ளருக்குப் பக்கத்துல. அம்மா அத அடுப்படிக்குள்ள சேத்தறதில்ல."

"லோகாவுக்குத் தெரியுமுங்களா?"

"அவதான் கழுவி அங்க கவுத்து வெக்கறா. நீ வந்து போறதுல அம்மா சண்டை போடக் கூடாதுன்னு அவளே கண்டுபுடிச்ச ஏற்பாடு அது. கப்பு வாங்குனதே அதுக்குத்தான்."

மெர்சியின் கையிலிருந்த திருகாணிச் சாவி சுற்றுவதை நிறுத்தியது.

ரித்திகா நிறுத்தவில்லை. "ஒரு நாளு அம்மா கேட்டாங்க, வேற புள்ளையே கெடைக்கலியாடி உனக்குன்னு. அதுக்கு இவ சொன்னா, 'தப்படிச்ச வம்சம்மா, தப்பாம அடிப்பா'ன்னு. அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

மெர்சியின் தாத்தா அந்த ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் தப்பு அடித்தவர். அதை லோகாவிடம் சொன்னது மெர்சிதான், ஒரு நாள் பெருமையாக.

"நீங்களுஞ் சிரிச்சீங்களாக்கா?"

ரித்திகா சேலை மடிப்பை நீவிவிட்டாள்.

"சிரிச்சேன்," என்றாள்.

மேடையில் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.

எகத்தாளத்தின் வழக்கம், பாட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வாருவது. கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடிக்கும். லோகப்பிரியா மைக்கைப் பிடித்து, "பின்னால ஒக்காந்திருக்கறவ பேரு மெர்சி. பேருலதான் கருணை. கையப் பாத்தா அந்த டிரம்ஸே அழுகும்!" என்றாள். மைதானம் கத்தியது.

மெர்சி தன் பக்கத்து மைக்கை வாய்க்கு நேராக இழுத்தாள். கட்டையால் நான்கு தட்டு. ஒத்திகை பார்த்த பாட்டின் தாளம் இல்லை அது.

*தோழின்னு சொன்னா, தோள்மேல கை போட்டா,*
*டீயத்தான் குடிச்சதும் தெருப்பக்கம் வெச்சா!*
*பென்குயினு கப்பு, பின்வாசல் கப்பு,*
*எனக்குன்னு வாங்குனா, யாரு மேல தப்பு?*

'பென்குயின்' என்ற சொல்லில் லோகப்பிரியாவின் விரல் ஒரு கணம் நின்றது. மேடை ஓரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பச்சைச் சேலை தெரிந்தது.

அவள் கிடாரை இறக்கி வைத்திருக்கலாம். ஆனால் முன்னால் ஆயிரம் பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினால் தோற்றவள் தான் என்று ஆகிவிடும். விரல்கள் தாமாகவே தாளத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டன. தன்னைக் கிழிக்கிற பாட்டுக்குத் தானே வாசித்தாள். நன்றாகவும் வாசித்தாள்.

*தப்படிச்ச வம்சம், தப்பாம அடிக்கும்!*
*தப்படிச்ச வம்சம், தப்பாம அடிக்கும்!*

மெர்சி ஒவ்வொரு முறை அதைக் கத்தியபோதும் கட்டை இன்னும் பலமாக இறங்கியது. இரண்டாவது முறையே கூட்டம் பிடித்துக்கொண்டது. இடதுபக்கம் நின்றிருந்த சில மாணவர்கள் மட்டும் பாடுவதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள்.

'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' பாடச் சொல்லி யாருமே கேட்கவில்லை. ஊரெல்லாம் தன்னைத் துரத்திய பாட்டு ஒரே சாயங்காலத்தில் பழசாகிப்போனதை ரித்திகா பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருந்தது.

இறங்கி வந்ததும் ரவிதேஜா இரண்டு கையையும் விரித்து, தெலுங்கில் கூவிக்கொண்டு ஓடிவந்தான்.

"அம்மா தல்லீ! இதை ஏன் எனக்கு முன்னாடியே அனுப்பல? பாட்டு இருக்கட்டும், அந்தச் சண்டை! நிஜமாவே ஒருத்தரை ஒருத்தர் கொன்னுடுவீங்கபோல இருந்துச்சு. எப்படி ஒத்திகை பார்த்தீங்க?"

மெர்சி டிரம்ஸ் கட்டைகளைப் பைக்குள் செருகினாள்.

"பெங்களூர், ஹைதராபாத், சென்னை. எல்லா ஊருக்கும் நான் பேசறேன். ஆனா ஒண்ணு. எல்லா மேடையிலயும் இந்தச் சண்டை வேணும். இது இல்லாட்டி நீங்க கோயமுத்தூரோட சரி."

"நான் ரெடிங்க," என்றாள் மெர்சி.

லோகப்பிரியா அவள் கையைப் பிடித்தாள். "மெர்சி, எங்கம்மாவச் சமாளிக்கத்தான் நான் அப்படி..."

மெர்சி கையை உருவிக்கொண்டாள். "மேடையில சொல்லு. கீழ நமக்குள்ள பேச ஒண்ணுமில்ல."

லோகப்பிரியாவின் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்தாள். மை கலைந்து கன்னத்தில் இழுபட்டது. அதோடு அவள் ரவிதேஜாவின் பக்கம் திரும்பி, "மொதல்ல எந்த ஊருங்க?" என்று கேட்டாள்.

அவன் சிரித்துக்கொண்டே போன் பேசப் போய்விட்டான்.

மெர்சி டிரம்ஸ் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ரித்திகாவின் எதிரே வந்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டபோது இருந்த முகம் இப்போது அவளிடம் இல்லை.

"ஒரு பாட்டு பத்தாதுங்க்கா. அவளப் பத்தி உங்களுக்கு வேற என்னென்ன தெரியும்?"

"அக்கா, நேரமாச்சு. ஊட்டுக்குப் போலாம் வா," என்றாள் லோகப்பிரியா.

ரித்திகா எழவில்லை. "எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல் டூர் போனா இவ, ஏற்காட்டுக்கு," என்று ஆரம்பித்தாள்.

லோகப்பிரியாவின் கையிலிருந்த கிடார்ப் பை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்க அவள் குனியவில்லை.

"அக்கா. அது வேண்டாங்க்கா. வேற எது வேண்ணாலும் சொல்லு. அது வேண்டாம்."

ரித்திகா நாற்காலியை இழுத்து மெர்சிக்கு இன்னும் கிட்டப் போட்டுக்கொண்டாள்.

"போன்ல ரெக்கார்டு போட்டுக்கோ கண்ணு," என்றாள். "ஒருக்காத்தான் சொல்லுவேன்."